நாலு கதவில் நாலு ஸ்பீக்கர் போட்டால் சரவுண்ட் ஆகிவிடுமா?

சேலத்தில் எந்தக் கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனாலும் இந்த உறுதிமொழி கிடைக்கும்: “நாலு டோர்லயும் ஸ்பீக்கர், பின்னாடி ட்ரேல ரெண்டு ஓவல், டிக்கில ஒரு ஊஃபர். அப்புறம் பாருங்கண்ணா, தியேட்டர் மாதிரி சுத்திச் சுத்திக் கேக்கும்.” ஏமாற்றுவதற்காக அவர்கள் இப்படிச் சொல்வதில்லை. சரவுண்ட் என்றால் நிறைய ஸ்பீக்கர் என்பதுதான் ஊரில் பொதுவாக இருக்கும் புரிதல். பெட்டியின் மேல் ‘360 டிகிரி’ என்று அச்சடித்திருப்பதும், ஆண்ட்ராய்டு செட்டில் ‘சரவுண்ட்’ என்று ஒரு பொத்தான் இருப்பதும் அந்த நம்பிக்கைக்கு உரம் போடுகின்றன.

பொருத்திக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் தெரிந்துவிடும். சத்தம் கூடியிருக்கும், அடியும் பலமாக இருக்கும். பாடகர் மட்டும் டிரைவரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார். பின்பக்கச் சத்தத்தை ஏற்றினால் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விடுவார். சுற்றிலும் கேட்பது மட்டும் நடக்காது.

ஏன் என்று புரிந்துகொள்ள எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது, பாட்டுக்குள் தனித்தனிப் பாதைகள் எத்தனை இருக்கின்றன, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். எந்த ஸ்பீக்கரை எங்கே வைப்பது, எதற்குக் காசு போடுவது என்பது பிறகு தானாக விளங்கும்.

## ஆடித் திருவிழாவின் மைக் செட்

கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா சமயத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. ஒரு கம்பத்துக்குக் கீழே நிற்கும்போது பாட்டு அந்தக் குழாயிலிருந்து மட்டுமே வருவதாகத் தோன்றும். அடுத்த கம்பத்தை நோக்கி நடந்தால், பாதித் தூரத்தைத் தாண்டிய ஏதோ ஓர் இடத்தில் பாட்டு சட்டென்று முன்னால் இருக்கும் குழாய்க்குத் தாவிவிடும். விட்டுவந்த குழாய் கத்துவதை நிறுத்தவில்லை. காது அதை ஓரங்கட்டிவிடுகிறது, அல்லது இழுவையான எதிரொலியாகக் கேட்கிறது.

காரணம் நேரம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒலி கடக்கும் தூரம் 34 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், எது முதலில் வந்து சேர்ந்ததோ அங்கிருந்தே எல்லாம் வருவதாக மூளை முடிவு கட்டிவிடுகிறது. ஒரு மில்லிநொடி முந்தினாலே போதும். பிந்தி வருவது ஏறக்குறைய 30 மில்லிநொடிக்குள் வந்துவிட்டால் தனியாகக் கேட்காது. முதல் ஒலியோடு கலந்து அதற்குக் கனம் சேர்க்கும். 50-ஐயும் தாண்டினால் எதிரொலியாகப் பிரியத் தொடங்கும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து 1949-இல் எழுதினார். அதனால் இதற்கு ஹாஸ் விளைவு என்று பெயர்.

கம்பங்களுக்கு இடையே 40 மீட்டர் இருந்தால் வித்தியாசம் 100 மில்லிநொடிக்கு மேல் போகும். காருக்குள் கணக்கு மிகச் சிறியது, ஆனால் அதே கணக்குத்தான். நம் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம். ஒரு சிறிய காரில் வலது கதவு ஸ்பீக்கர் அவர் தலையிலிருந்து 80 சென்டிமீட்டர், இடது கதவு ஸ்பீக்கர் 135 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 55 சென்டிமீட்டர் வித்தியாசம், அதாவது 1.6 மில்லிநொடி. டிரைவர் எப்போதும் வலது கம்பத்துக்குக் கீழேயே நிற்கிறார். அந்த ஸ்பீக்கர் முந்திக்கொள்கிறது, பக்கத்தில் இருப்பதால் சத்தத்திலும் மிஞ்சுகிறது. பாடகர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது இதனால்தான். இன்னும் நாலு ஸ்பீக்கர் சேர்த்தாலும் முந்துகிறவர் முந்திக்கொண்டுதான் இருப்பார்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: ஒலியின் திசையைக் காது முடிவுசெய்வது எது முதலில் வந்தது, எது உரக்க வந்தது என்ற இரண்டை வைத்து. ஸ்பீக்கரின் எண்ணிக்கை அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

## பாட்டுக்குள் எத்தனை பாதை?

ஒலிப்பதிவுக்குள் தனியாகப் போகும் ஒவ்வொரு பாதைக்கும் சேனல் என்று பெயர். ஒரே சேனல் என்றால் மோனோ. ஏற்காடு ரோட்டில் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ, அங்கே அந்தக் காலத்தில் எடுத்த படங்களெல்லாம் மோனோதான். திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரிலிருந்தே வசனம், பாட்டு, சண்டை எல்லாம் வரும். நடிகர் திரையின் ஓரத்தில் நின்று பேசினாலும் குரல் அவர் வாயிலிருந்து வருவதாகவே தோன்றும், ஏனென்றால் கண் பார்க்கும் இடத்துக்குக் காதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். காரில் அந்த உதவி கிடையாது. டிரைவரின் கண் ரோட்டில் இருக்கிறது. காது தன்னந்தனியாக நேரத்தையும் சத்தத்தையும் வைத்துத்தான் இடத்தைத் தேட வேண்டும். தியேட்டரில் மன்னிக்கப்படும் தப்பு காரில் மன்னிக்கப்படாது.

இரண்டு சேனல் என்றால் ஸ்டீரியோ. ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்டீரியோவின் அழகு நடுவில்தான் இருக்கிறது. இடதிலும் வலதிலும் ஒரே குரலை ஒரே அளவில் அனுப்பினால், இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நட்ட நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் கேட்கும். இதை நடு பிம்பம் என்று சொல்லலாம். நம் சினிமாப் பாட்டுகளில் பாடகரின் குரலைப் பெரும்பாலும் இப்படித்தான் நடுவில் வைப்பார்கள். ‘சம தூரத்தில்’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். காரில் அந்த இடம் கியர் லீவருக்கு மேலே இருக்கிறது. அங்கே யாரும் உட்காருவதில்லை.

சரவுண்டில் சேனல்கள் இன்னும் கூடுதல். 5.1 என்றால் முன்னால் இடம் (இடது), நடு, வலம் (வலது), பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, ஆக ஐந்து முழுச் சேனல்கள். ‘.1’ என்பது மிகக் கீழான அதிர்வுகளுக்கு மட்டுமான பாதை. வீட்டில் கேட்பதற்கான சர்வதேசப் பரிந்துரை, முன் ஸ்பீக்கர்களை நேர்ப்பார்வையிலிருந்து இருபுறமும் 30 டிகிரியிலும் சரவுண்ட் ஸ்பீக்கர்களை 110 டிகிரி அளவிலும் வைக்கச் சொல்கிறது. 110 டிகிரி என்றால் தோளுக்குக் கொஞ்சம் பின்னால். பின்கண்ணாடிக்குக் கீழே ட்ரேயில் வைக்கும் ஓவல் அந்த இடத்தில் இல்லை, அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

கடையில் யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. செட்டின் முதுகில் முன், பின், சப் (கீழ் அதிர்வுகளுக்கான ஊஃபர்) என்று மூன்று ஜோடி சாக்கெட் இருக்கும். ஆறு பாதை போலத் தெரியும். உள்ளே இருப்பது இரண்டுதான். முன் இடமும் பின் இடமும் அதே இடது சேனலின் நகல்கள், வலதும் அப்படியே. போனிலிருந்து சாதாரண ப்ளூடூத்தில் வருவது இரண்டு சேனல். எஃப்எம் இரண்டு. பென் டிரைவில் ஏற்றும் பாட்டும் கிட்டத்தட்ட எல்லாம் இரண்டு. ஆகவே நாலு கதவில் நாலு ஸ்பீக்கர் என்பது ஒரே ஸ்டீரியோவை இரண்டு தடவை போடுவது. உண்மையான பல சேனல் ஒலி வேண்டுமென்றால் பதிவும் அப்படி இருக்க வேண்டும், அதைப் பிரித்துத் தரும் கருவியும் வேண்டும். மஹிந்திராவின் பிஇ 6 போன்ற புது மின்சாரக் கார்களின் உயர் வேரியன்ட்டில் 16 ஸ்பீக்கரோடு டால்பி அட்மாஸ் என்ற சரவுண்ட் முறை வருகிறது. அது கம்பெனியிலேயே அந்த வண்டியின் உள்ளறையை அளந்து செய்த வேலை. வெளியில் ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்தி அதைப் பிடிக்க முடியாது.

## இரண்டை வைத்துச் சுற்றிலும் கேட்க வைப்பது

அப்படியானால் செட்டில் இருக்கும் சரவுண்ட் பொத்தான் முழுப் பொய்யா? முழுப் பொய் இல்லை. அதன் அடிப்படை ஒரு கழித்தல் கணக்கு.

இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்தால் என்ன மிஞ்சும்? இரண்டிலும் ஒன்றாக இருப்பதெல்லாம் காணாமல் போகும். நடுவில் வைத்த குரல் போய்விடும், பேஸ் கிட்டாரும் டிரம்மின் அடியும் போய்விடும். மிஞ்சுவது ஓரத்தில் வைத்த வயலின் கூட்டம், கோரஸ், கைத்தட்டல், அறையின் முழக்கம். ஓர் அரங்கில் நம்மைச் சுற்றிலும் கேட்பதும் இவைதான். இந்த மிச்சத்தை மட்டும் எடுத்துப் பின் ஸ்பீக்கர்களுக்கு மெல்லிய அளவில் அனுப்பினால் பாடகர் முன்னாலேயே நிற்பார், சூழல் மட்டும் பின்னால் விரியும். 1970 வாக்கில் டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன எளிய வயரிங் முறை இந்த அடிப்படையில் ஆனது. 1982-இல் வீடுகளுக்கு வந்த டால்பி சரவுண்டிலும் சாரம் இதுவே. இப்போதைய கருவிகள் இதையே இன்னும் நுட்பமாகச் செய்கின்றன.

இந்த மிச்சம் எவ்வளவு முக்கியம் என்பதை ஏற்காடு மலைப்பாதையில் எஃப்எம் போட்டுக்கொண்டு ஏறினால் காதாலேயே கேட்கலாம். எஃப்எம் ஸ்டீரியோவில் இரண்டு சேனலின் கூட்டலை ஒரு பாதையிலும் கழித்தலை வேறு பாதையிலும் தனித்தனியாகத்தான் அனுப்புகிறார்கள். சிக்னல் தேயும்போது முதலில் இரைச்சல் ஏறுவது கழித்தல் பாதையில். அதனால் ரேடியோவே அதைக் குறைத்து மோனோவுக்கு நகர்ந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மலை நடுவே வந்து மறைக்கும்போது, பாட்டு நிற்காமல் ஆனால் ஒடுங்கிப்போய் டாஷ்போர்டுக்குள் சுருங்குவதைக் கவனியுங்கள். கழித்தலில் எதுவும் மிஞ்சாதபோது எந்தச் சரவுண்ட் பொத்தானுக்கும் வேலை இல்லை.

இதே கழித்தல் வேண்டாத இடத்திலும் நடந்துவிடுவதுண்டு. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரில் எது பிளஸ், எது மைனஸ் என்பதற்குப் போலாரிட்டி என்று பெயர். ஒரு கதவில் மட்டும் அது மாறிப்போனால், இடது கோன் (ஒலி எழுப்ப அதிரும் கூம்பு) வெளியே தள்ளும்போது வலது கோன் உள்ளே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குரல் எங்கே இருக்கிறதென்றே பிடிபடாமல் தலையைச் சுற்றிப் பரவும். கேட்பவர் “ஆஹா, சரவுண்டு!” என்பார். நான் கேட்ட ‘சூப்பர் சரவுண்ட்’ வண்டிகளில் சில வெறும் வயர் மாற்றம்தான் என்பது என் சந்தேகம். சோதிப்பது சுலபம். செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே எம்ப வேண்டும். எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி எம்பினால் சரி.

ஆக, கையில் இருப்பது இரண்டு சேனல். அதை வைத்து முன்னால் ஒரு மேடையும் பின்னால் ஒரு சூழலும் அமைக்க முடியும். மேடை முதலில்.

## முன்பக்கம்

பணத்திலும் உழைப்பிலும் பெரும்பங்கு முன்கதவு இரண்டுக்கும் போகட்டும். பின்பக்கத்துக்கு வாங்க நினைத்த ஓவலை மறந்துவிட்டு அந்தக் காசை இங்கே போட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கதவுக்கான ஸ்பீக்கர் இரண்டு வகை. கோஆக்ஸியலில் பெரிய கோனின் நடுவிலேயே ட்வீட்டர், அதாவது மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர், இருக்கும். காம்பொனன்ட்டில் ட்வீட்டர் தனியாக வரும். முன்னால் காம்பொனன்ட் நல்லது, அதற்குக் காரணம் இருக்கிறது. கீச்சென்ற மேல் ஒலிகள் டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும், வளையாது. 10,000 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்தாயிரம் அதிர்வு) அலையின் நீளம் வெறும் 3.4 சென்டிமீட்டர். கதவின் அடியிலிருந்து அது கிளம்பினால் சீட்டிலும் முழங்காலிலும் மோதி நின்றுவிடும். ட்வீட்டரைச் சைடு மிரர் உள்பக்கத்து முக்கோணத்தில் வைத்தால் காதுக்கு நேர்வழி கிடைக்கும். மேடையும் முழங்கால் உயரத்திலிருந்து டாஷ்போர்டு உயரத்துக்கு எழும்பும். முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் ஏர்பேக் அடையாளம் இருந்தால் அங்கே கை வைக்கவே வைக்காதீர்கள். அதற்குள் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருப்பார்கள்.

கதவின் உள் அட்டையைக் கழற்றினால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அதைப் பிரித்தால் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் எதிரெதிரானவை. அந்த ஓட்டைகள் வழியே இரண்டும் சந்தித்து அழிந்துபோகும். விலையுயர்ந்த ஸ்பீக்கர் போட்டும் “பேஸே வரலைங்க” என்பவர்கள் பலருக்குக் குறை இங்கேதான். டேம்பிங் ஷீட் என்று விற்கும் கனமான ரப்பர் தாளால் அந்த ஓட்டைகளை மூடிவிட்டால் அதே ஸ்பீக்கரில் அடி கூடும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது. ஸ்பீக்கரைத் திருகுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். காந்தம் ஆழமாக இருந்தால் கண்ணாடி அதன்மேல் வந்து இடிக்கும்.

அடுத்து நேரம். டிலே என்பது பக்கத்து ஸ்பீக்கரை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதிக்க வைப்பது. அதைச் செய்வது டிஎஸ்பி, அதாவது ஒலியை எண்களாக மாற்றி நேரத்தையும் அளவையும் திருத்தும் சிறு கணினி. நல்ல செட்டுகளில் உள்ளேயே இருக்கும், இல்லையென்றால் தனிப் பெட்டியாக வாங்கலாம்.

டிரைவர் சீட்டில் எப்போதும் உட்காரும் விதமாக உட்காருங்கள். கூட ஒருவர் டேப்பின் ஒரு முனையை ஸ்பீக்கர் வலைமேல் பிடிக்கட்டும், மறுமுனை உங்கள் மூக்குக்கு நேராக வரட்டும். மேலே சொன்ன அதே காரில் இப்படி வருகிறது என்று வையுங்கள்: டிக்கியில் ஊஃபர் 180 சென்டிமீட்டர், முன் இடம் 135, பின் இடம் 130, பின் வலம் 95, முன் வலம் 80. அதிகத் தூரம் ஊஃபர், அதற்குத் தாமதம் பூஜ்யம். மற்றவற்றுக்கு 180-இலிருந்து அதன் தூரத்தைக் கழித்து 34.3-ஆல் வகுக்க வேண்டும். முன் இடத்துக்கு 1.31 மில்லிநொடி, பின் இடத்துக்கு 1.46, பின் வலத்துக்கு 2.48, முன் வலத்துக்கு 2.92. சில செட்டுகள் சென்டிமீட்டரையே கேட்டு இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளும்.

பிறகு குரல் தெளிவாக இருக்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். கண்ணை மூடினால் பாடகர் டாஷ்போர்டின் நடுப்பக்கம் நிற்க வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் முன் வலத்தின் சத்தத்தை ஒன்றிரண்டு டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கலாம். இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டவர்கள் பெரும்பாலும் டாஷ்போர்டில் ஸ்பீக்கர் ஒளித்து வைத்திருக்கிறதா என்று தேடுவார்கள்.

ஒரு கேள்வி வரும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்கிறார்களே, சேலத்துச் சித்திரை வெயிலுக்கு ஒரு செட்டிங், ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு செட்டிங் வேண்டுமா? 40 டிகிரியில் வேகம் நொடிக்கு 355 மீட்டர். 2.92 என்பது 2.82 ஆகும். காதுக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடுங்கள்.

## பின்பக்கம்: எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு

முன்மேடை சரியானதும் பின் ஸ்பீக்கர்களைத் திறக்கலாம். சத்தம் முன்பக்கத்தைவிட 6 முதல் 10 டெசிபெல் குறைவாக. டிலேயில், மேலே கணக்கிட்டதற்கு மேல் இன்னொரு 10 முதல் 15 மில்லிநொடி சேருங்கள், செட் அனுமதிக்கும் வரை. ஹாஸ் விளைவை இங்கே நாம் நமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறோம். முன்பக்கம் முந்துவதால் திசை முன்னாலேயே நிற்கும், 30 மில்லிநொடிக்குள் வருவதால் பின்பக்கம் எதிரொலியாகவும் கேட்காது. பேஸையும் கூர்மையான மேல் ஒலியையும் பின்பக்கத்தில் வெட்டிவிடலாம். டிஎஸ்பியில் கழித்தல் வசதி இருந்தால் பின்பக்கத்துக்கு அதையே கொடுங்கள். இல்லாவிட்டாலும் டிலே மட்டுமே பாதி வேலையைச் செய்துவிடும்.

சரியாக வைத்ததற்கு அடையாளம்: பின் ஸ்பீக்கர் ஓடுவது தெரியக்கூடாது, அணைத்தால் வண்டி சுருங்கியதுபோலத் தெரிய வேண்டும்.

மலைக்குப் போகிறவர்களுக்குக் குறைந்த பின்சத்தத்தால் வேறொரு லாபமும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் எதிரே ஏறிவரும் வண்டியும் பின்னால் வரும் பஸ்ஸும் அடிக்கும் ஹாரன் காதில் விழும்.

## சப் ஊஃபர் டிக்கியில் இருக்கலாமா?

தாராளமாக. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 4.3 மீட்டர் நீளம். வரிச் சலுகைக்காக 4 மீட்டருக்குள் அடக்கிக் கட்டும் நம் சின்னக் கார்களில் ஒரு முழு அலைகூட அடங்காது. அவ்வளவு நீண்ட அலையின் திசையைக் காதால் பிரித்தறிய முடிவதில்லை. கிராஸ்ஓவர் என்பது எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்று பங்கு பிரிப்பது. 80-க்குக் கீழே சப், மேலே கதவுகள் என்று பிரித்தால் பேஸும் முன்னாலிருந்தே வருவதாகத் தோன்றும், கதவு ஸ்பீக்கர்களுக்கும் பாரம் குறையும். டிக்கியில் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நடுங்கும் நம்பர் பிளேட்டும் பின் ட்ரேயும்தான். பெட்டியைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மலைப்பாதையில் இருபது கிலோ பெட்டி வளைவுக்கு வளைவு டிக்கியில் உருள்வது பாட்டுக்கும் நல்லதல்ல, பின்சீட்டுக்கும் நல்லதல்ல.

## வாட்ஸும் வயரும்

பெட்டியில் ‘500 வாட்ஸ்’ என்று போட்டிருப்பது ஒரு கணம் தாங்கும் உச்சம். தொடர்ந்து தாங்குவதற்கு ஆர்எம்எஸ் என்று பெயர். பேசினால் அந்த எண்ணைப் பற்றிப் பேசுங்கள். செட்டிலும் அப்படியே. ஓடும் வண்டியில் கிடைப்பது 14 வோல்ட். சாதாரண செட் அதிலிருந்து ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய பயனுள்ள அளவு சுமார் 10 வோல்ட். வழக்கமான 4 ஓம் ஸ்பீக்கருக்கு (ஓம் என்பது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை) 10 × 10 ÷ 4, ஆக 25 வாட்ஸ். நடைமுறையில் இன்னும் குறையும். முகப்பில் 50 × 4 என்று எழுதியிருப்பதை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்காக வாட்ஸைத் துரத்தவும் வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

தனி ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியைக் கூட்டும் பெட்டி) போட்டால், பேட்டரியிலிருந்து போகும் வயரில் பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல. வயர் எங்காவது தகட்டில் உரசித் தீப்பிடிக்காமல் இருக்க. கரன்ட் வயரை வண்டியின் ஒரு பக்கமாகவும் ஆடியோ கேபிளை மறுபக்கமாகவும் கொண்டுபோனால், ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப ‘ஊய்ய்’ என்று ஏறி இறங்கும் இரைச்சல் வர வாய்ப்பு குறையும். எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் முடுக்கச் சொல்லுங்கள்.

## எங்கே, யாருக்காகத் திருத்துவது

ஐந்து ரோடு சிக்னலில் நின்றுகொண்டு செட்டிங் செய்யாதீர்கள். டயரும் இஞ்சினும் தரும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அதிர்வுகளில் இருப்பதால் அது பேஸை மூழ்கடிக்கும், நாமும் பேஸை ஏற்றிக்கொண்டே போவோம். ஏற்காட்டில் எஸ்டேட் பக்கத்துக் கிளை ரோட்டில், இஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். சப்பை மட்டும் அமைதியில் சரியாகத் தோன்றுவதைவிட ஒரு படி தூக்கி வையுங்கள். பைபாஸில் ஓடும்போது அது சமனாகிவிடும்.

இந்த டிலே எல்லாம் டிரைவர் ஒருவருக்காகச் செய்தது. இடது சீட்டில் இருப்பவருக்கு முன்பு இடது கதவு 1.6 மில்லிநொடி முந்தியது. இப்போது வலதை நாம் இன்னொரு 1.6 தாமதித்துவிட்டோம், அவருக்கு வித்தியாசம் 3.2 ஆகிவிட்டது. “என்ன இது, எல்லாம் என் பக்கமே கத்துது?” என்று அவர் கேட்டால் நியாயம்தான். பெரும்பாலான டிஎஸ்பிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட செட்டிங்கைச் சேமித்து வைக்கலாம். தனியாக வேலைக்குப் போகும்போது முதலாவது இருக்கட்டும். இரண்டாவதில் முன்பக்க டிலேயை எல்லாம் பூஜ்யமாக்கி, பின்பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டால், குடும்பத்தோடு மலை ஏறும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம்.